ஆர்கிட்டைக் கொன்னது யாரு? ஒரு 200 வருஷ கேஸ் ஹிஸ்டரி

வீட்ல ஆர்கிட் வெச்சிருக்கீங்களா? வாங்கிட்டு வந்தப்போ கொத்துக் கொத்தா பூ. மூணே மாசத்துல வேர் அழுகி, இலை சுருங்கி, குப்பைக்குப் போயிருக்கும். "எனக்குக் கைராசி இல்ல டாக்டர்"னு சொல்றவங்களுக்காகத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல ஒரு ஆறுதல். உங்களுக்கு முன்னாடி இங்கிலாந்துப் பிரபுக்களும் இதையேதான் செஞ்சாங்க. தனியா கண்ணாடி வீடு கட்டி, சம்பளத்துக்குத் தோட்டக்காரர் வெச்சு, ஆயிரக்கணக்குல கொன்னாங்க.

19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல வெப்பமண்டல நாடுகள்ல இருந்து ஆர்கிட்கள் கப்பல்ல லண்டனுக்கு வந்து இறங்க ஆரம்பிச்சது. இதுல பெரும்பாலானவை மரத்து மேல வாழ்றவை. ஒட்டுண்ணி இல்லீங்க, மரத்தை உறிஞ்சாது, சும்மா உட்கார்ந்திருக்கும். வேர் காத்துல தொங்கும். அந்த வேருக்கு மேல ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு உறை உண்டு. பேர் வெலமென். மழை பெஞ்சா சட்டுனு உறிஞ்சிக்கும், அப்புறம் சீக்கிரமே காய்ஞ்சிடும். அந்தக் காயுறதும் அதுக்கு வேணும். எப்பவும் நனைஞ்சே கிடந்தா வேருக்கு மூச்சு முட்டும்.

இங்கிலாந்துக்காரங்க கண்ணுக்கு ஒண்ணுதான் தெரிஞ்சது: "சூடான ஊர்ல இருந்து வந்திருக்கு." உடனே நிலக்கரி போட்டு சூடாக்கின கண்ணாடி அறை, கதவு ஜன்னல் எல்லாம் அடைப்பு, உள்ள எப்பவும் ஆவி. அந்த அறைக்கு அவங்க வெச்ச பேரே 'ஸ்டவ்'! 1830ல ஜான் லிண்ட்லி, ஆர்கிட் ஆராய்ச்சியில அன்னைக்கு அவரை மிஞ்சின ஆள் இல்ல, அவரே சூடு, ஈரம், நிழல் மூணும் தாராளமா கொடுங்கன்னு எழுதினார். எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. வர்ற பேஷன்ட் எல்லாருக்கும் ஒரே மருந்துச் சீட்டு. லிண்ட்லியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. கையில தகவல் இல்லாம யார் எழுதினாலும் சீட்டு அப்படித்தான் இருக்கும்.

தகவல் ஏன் இல்லைங்கிறதுதான் இந்தக் கதையிலயே மோசமான பகுதி. செடி எங்க கிடைச்சதுன்னு வெளிய தெரிஞ்சா போட்டிக்காரன் அங்க போயிடுவான். அதனால சேகரிப்பாளர்கள் இடத்தை மறைச்சாங்க, சில சமயம் வேணும்னே தப்பான ஊரைச் சொன்னாங்க. ஆண்டீஸ் மலையில 2,500 மீட்டர் உயரத்துல, குளிர் பனிமூட்டத்துல வளர்ந்த செடி, வெறும் "தென் அமெரிக்கா"ங்கிற சீட்டோட வந்து 'ஸ்டவ்'வுக்குள்ள போய் வெந்துச்சு. பேஷன்ட்டோட ஹிஸ்டரியே பொய்னா ட்ரீட்மென்ட் எப்படி சரியா இருக்கும்?

சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் வேற மாதிரி யோசிச்சவர். வேற வேற செடிக்கு வேற வேற வெப்பம், ஜன்னலைத் திறந்து காத்து, ஈரம் வேணும்னா தரையில தண்ணி. 1835ல ஜான் கிப்சன்ங்கிறவரை நம்ம காசி மலைக்கே அனுப்பினாங்க. 1837ல அவர் கொண்டுபோன ஆர்கிட்கள் சாட்ஸ்வொர்த்துல வளர்ந்துச்சு.

இதே காலத்துல எங்க இனத்து ஆள் ஒருத்தர் வர்றார். கிழக்கு லண்டன் டாக்டர் நதானியேல் பாக்ஷா வார்ட். 1829ல அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோட ஒரு பாட்டில்ல மூடி வெச்சிருந்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தா, மண்ணுல பெரணி முளைச்சிருக்கு! அதுல இருந்து பிறந்ததுதான் 'வார்டியன் பெட்டி'. மூடின கண்ணாடிப் பெட்டிக்குள்ள செடி மாசக்கணக்குல கடல் தாண்டி உயிரோட வரும். 1845ல கண்ணாடி வரியையும் எடுத்துட்டாங்க. நடுத்தர வர்க்கமும் கண்ணாடி வீடு கட்ட ஆரம்பிச்சது. தேவை எகிறிச்சு. கொள்ளையும்தான்.

ஆல்பர்ட் மில்லிகன்னு ஒரு சேகரிப்பாளர் 1891ல தன் பயணங்களைப் புத்தகமாவே போட்டார். கொலம்பியாவுல சுமார் 10,000 செடிக்காக 4,000 மரங்களை வெட்டினதை ஒளிவுமறைவில்லாம எழுதியிருக்கார். மரம் ஏறிப் பறிக்கிறதை விட வெட்டிச் சாய்க்கிறது சுலபமாம்.

சரி, விதை போட்டு வளர்த்திருக்கலாமேன்னு கேப்பீங்க. முடியல. ஆர்கிட் விதை தூசி மாதிரி, உள்ள சாப்பாடே கிடையாது. எக்ஸெட்டர் ஊர்ல ஜான் ஹாரிஸ்னு ஒரு சர்ஜன் (இவரும் நம்மாளு) பூவோட பாகங்களை விளக்கி, ஜான் டோமினிங்கிற தோட்டக்காரருக்குக் கையால மகரந்தம் சேர்க்க யோசனை சொன்னார். 1856ல முதல் கலப்பின ஆர்கிட் பூத்துச்சு. ஆனாலும் விதை முளைக்கிறது லாட்டரிதான். 1899ல பிரான்ஸ்ல நோயல் பெர்னார் காரணத்தைக் கண்டுபிடிச்சார்: காட்டுல அந்த விதைக்குச் சோறு ஊட்டுறது ஒரு பூஞ்சை. மனுஷன் 1911ல 36 வயசுலயே டிபியில போயிட்டார்.

1922ல கார்னெல் பல்கலைக்கழகத்துல லூயிஸ் நட்சன், பூஞ்சை செய்ற வேலையைச் சர்க்கரை செய்யும்னு நிரூபிச்சார். சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார், கிருமி நீக்கின பாட்டில். நாங்க லேப்ல பாக்டீரியா வளர்க்கிற அதே முறைதான். 1960ல ஜார்ஜ் மோரெல், வைரஸ் பிடிச்ச சிம்பிடியம் ஆர்கிட்டோட நுனித் திசுவை மட்டும் வெட்டி வளர்த்து, ஒரே செடியை ஏகப்பட்டதாப் பெருக்கலாம்னு காட்டினார். இன்னைக்கு நர்சரியில சில நூறு ரூபாய்க்கு ஃபெலனாப்சிஸ் கிடைக்குதுன்னா இந்த பாட்டில்கள்தான் காரணம். அதுக்காக எந்த மரமும் விழல.

எல்லா ஆர்கிட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்ல. நம்ம அகத்தியமலைப் பகுதியில மட்டுமே இயற்கையா வளர்ற ஒரு மஞ்சள் செருப்புப்பூ ஆர்கிட் இருக்கு, பாஃபியோபெடிலம் ட்ரூரியை. வெள்ளைக்காரக் கர்னல் ட்ரூரி பேர்ல இருக்கு. தோண்டித் தோண்டி வித்தே அதை அழிவோட விளிம்புக்குக் கொண்டுவந்துட்டாங்க. சர்வதேச வியாபாரத்துக்கு இப்ப தடை.

அதனால வாங்கும்போது "இது எங்க வளர்ந்தது?"ன்னு கேளுங்க. "மலையில இருந்து எடுத்தது சார், ஒரிஜினல்"னு யாராவது பெருமையாச் சொன்னா வாங்காம வந்துடுங்க.

வாங்கின ஃபெலனாப்சிஸுக்கு மண் வேண்டாம். மரப்பட்டை, கரித்துண்டு போதும். தொட்டிக்கு அடியில தண்ணி தேங்கக் கூடாது. இலைக்கு நடுவுல இருக்கிற குருத்துலயும் நிக்கக் கூடாது. காலை வெயில் பட்டும் படாமலும் விழுற ஜன்னலோரம் நல்லது. சென்னை வெயில்ல அது அடம் பிடிச்சா டென்ட்ரோபியம் வகைக்கு மாறுங்க, இன்னும் தாக்குப் பிடிக்கும். தண்ணிக்குக் கிழமைக் கணக்கு வெச்சுக்காதீங்க. வேரைப் பாருங்க. பச்சையா இருந்தா ஈரம் இருக்கு, விட்டுடுங்க. வெள்ளி மாதிரி வெளுத்திருந்தா நல்லா நனைச்சு, வடியவிட்டு வைங்க.