இயக்குநர் நாற்காலியும் ஏலமலைச் சரிவும்

நாடாளும் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் காலங்களில் தெருவெல்லாம் அதே பேச்சாக இருக்கிறது. ஆனால், பள்ளிக் கல்வித் துறைக்குப் புதிய தலைவர் அமர்த்தப்படும்போது, அது நாளேட்டின் ஒரு மூலையில் நான்கு வரிச் செய்தியோடு நின்றுவிடுகிறது. அந்த நாற்காலியில் அமர்பவர் எத்தகையவர் என்பது சென்னையில் எளிதில் விளங்குவதில்லை. போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணி, கொட்டகுடி போன்ற மலைச்சிற்றூர்களின் வகுப்பறைகளில்தான் அது விளங்கும்.

அந்த நாற்காலிக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஊர்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர்கள் பயின்றதாக 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் பதிவு செய்தார். 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கைக்குப் பின், 1855இல் பொதுக் கல்வி இயக்குநர் பதவி இங்கே உருவாயிற்று. முதலில் அதில் அமர்ந்தவர் அலெக்சாண்டர் அர்பத்நாட் என்னும் ஆட்சிப் பணியாளர். தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறையையும் அதே அறிக்கைதான் வகுத்தது. நம் மறைமாவட்டப் பள்ளிகளும் துறவியர் நடத்தும் பள்ளிகளும் அந்த முறையின் வழியாகவே இந்த நாற்காலியோடு உறவு கொண்டன.

நூறு ஆண்டுகள் கழித்து, அந்த நாற்காலிக்கு உரியவரைத் தேர்வதில் தமிழகத்தின் எதிர்காலமே அடங்கியிருந்தது. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் சிற்றூர்ப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்தது. எஞ்சிய நேரத்தில் அவர்கள் குடும்பத் தொழிலைப் பழக வேண்டும் என்றது. நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். ஆனால், ஒரு திட்டத்தைக் கைவிடுவதால் மட்டும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடுவதில்லை. வரவழைக்கத் தக்க ஒருவர் வேண்டியிருந்தார். அவ்வாண்டில் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநரானார்.

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912இல் பிறந்தவர் அவர். கல்வித் துறையின் கீழ்நிலைப் பொறுப்புகளில் பணியாற்றி, ஊர்ப் பள்ளிகளின் நிலையை நேரில் அறிந்தவர். பெரியாரின் பகுத்தறிவுக் கொள்கையில் ஊன்றி நின்றவர், அதை மறைத்ததுமில்லை. காமராசரோ காங்கிரசுக்காரர். சுந்தரவடிவேலுவின் பொறுப்பில் இருந்த பள்ளிகளுள் திருச்சபை நடத்திய பள்ளிகளும் பல. இருந்தும், தம் கட்சிக்கு உகந்தவரா, தம் நம்பிக்கையைப் பகிர்பவரா என்று காமராசர் அளந்து பார்க்கவில்லை. ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவர வல்லவரா என்பதே அவருடைய அளவுகோலாயிருந்தது.

விளைவை வரலாறு கூறுகிறது. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊரார் அளித்த அரிசியும் காசும் உலையேறின. பின்னர் அரசும் தன் பங்கைச் சேர்த்தது. 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்பதை ஊர்மக்களே பட்டியலிட்டு, கட்டடம், நாற்காலி, கரும்பலகை, சீருடை எனத் தாங்களே வழங்கும் வழக்கம் அதிலிருந்து மாவட்டந்தோறும் பரவியது. பள்ளி அரசினுடையது என்ற எண்ணம் மாறி, பள்ளி நம்முடையது என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது.

ஏலமலை அடிவாரத்து மக்களுக்கு அந்த மதியச் சோற்றின் பொருள் நன்கு விளங்கும். ஏலக்காய் ஒரே நாளில் பழுத்து முடியும் பயிரன்று. பருவம் முழுவதும் சில வாரங்களுக்கு ஒரு முறை பறிக்கவேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வளைவுகளைக் கடந்து செல்லும் தாய், அந்தி சாயத்தான் வீடு திரும்புகிறாள். பகலில் அவள் பிள்ளைக்கு உணவூட்டும் இடமாகப் பள்ளி இல்லையெனில், அந்தப் பிள்ளையும் தோட்டத்திற்கே போகும். மேலும், 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தைச் சேர்ந்தன. தாய்க்குக் கூலி ஒரு மாநிலத்தில், பிள்ளைக்குப் பள்ளி மற்றொரு மாநிலத்தில் என்றாயிற்று. இத்தகைய வாழ்க்கை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் தானாக வந்து அமராது. நடந்து சென்று பார்த்தவருக்கே அது புலப்படும்.

அண்மைக் காலத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2021இல் தமிழகப் பள்ளிக் கல்வி இயக்குநரின் அதிகாரங்கள் இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. 2023இல் இயக்குநரே மீண்டும் பொறுப்பேற்றார். ஆட்சிப் பணியாளருக்குப் பிற துறைகளையும் இணைத்துச் செயலாற்றும் வலிமை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் பிற துறையில் பெற்ற வெற்றி மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. பத்து லட்சம் மாணவர்களைக் கொண்ட நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தலைவராக, இதழ் வெளியீட்டுத் தொழிலில் புகழ்பெற்ற கேத்தி பிளாக் 2010இல் தெரிவானார். கல்வித் துறையில் அவருக்கு அனுபவம் இல்லாததால் தனி விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. 2011 ஏப்ரலில், பொறுப்பேற்ற சுமார் மூன்று மாதங்களிலேயே, அவர் விலகினார்.

திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில், யூதாசின் இடத்திற்கு ஒருவரைத் தேடும்போது பேதுரு முன்வைக்கும் தகுதியை நினைவுகூர்வோம். சொல்வன்மையையோ குலச்சிறப்பையோ அவர் கேட்கவில்லை. ஆண்டவரோடும் தங்களோடும் தொடக்கமுதல் உடன் நடந்தவராக இருக்கவேண்டும் என்றே கேட்டார். பொதுப் பணிக்குத் தலைவரைத் தேடுவோர்க்கும் இது நல்ல உரைகல்.

இயக்குநரை அமர்த்துவது நம் கையில் இல்லை என்று ஒதுங்கிவிடவும் முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அக்குழுவின் தலைமையைத் தெரிவு செய்வது நாமே. ஏலக்காய் பறிப்பு நாளில் நண்பகலில் கூட்டம் வைத்தால், எந்தத் தாயின் குரல் அங்கே ஒலிக்கும்? அவள் மலையிறங்கி வரும் நேரத்திற்குக் காத்திருந்து கூட்டத்தைத் தொடங்குகிறவரே தலைமைக்குத் தக்கவர். அத்தகையவரை நம் ஊரில் இனங்காணப் பழகினால், தலைநகரிலும் அத்தகையவரையே கேட்கும் உரிமை நமக்கு வரும்.