கண்ணுக்குத் தெரியாத படலம்: நெகிழி மறுத்தபோது அடிப்பூச்சு என்னவாயிற்று?

புணேயில் நான் தங்கியிருக்கும் தெருமுனையில் ஒரு டிங்கரிங் பட்டறை உண்டு. சென்ற மழைக்காலத்தில் அங்கே ஒரு காட்சியைக் கண்டேன். மூன்று வாரங்களுக்கு முன் வண்ணம் பூசிய காரின் முன்பம்பரை அதன் உரிமையாளர் நீர்த்தாரையில் கழுவியிருக்கிறார். வண்ணம் வாழைப்பட்டை உரிவதுபோல ஒரே படலமாகக் கழன்று வந்துவிட்டது. கதவில் பூசிய அதே வண்ணம் அசையவில்லை. "நன்றாகத் தேய்த்துத்தான் அடித்தேன்" என்றார் பெயிண்டர். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் மறுபூச்சின் செலவு அவருடைய கூலியிலிருந்தே போயிற்று. தேய்த்தால் ஒட்டும் என்னும் நம்பிக்கை ஏன் பொய்த்தது? விடை, நெடிய கைவினை மரபு ஒன்று முறிந்த இடத்தில் இருக்கிறது.

அடிப்பூச்சு புதியதன்று. அஜந்தாவின் ஓவியர்கள் கரடுமுரடான பாறைமீது நார், உமி முதலியவை கலந்த மண்சாந்தைப் பூசி, அதன்மேல் மெல்லிய வெண்பூச்சிட்ட பின்னரே தூரிகையை எடுத்தனர். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமீது துணி ஒட்டி, சுக்கான் பூச்சு இடுகிறார்கள். பாறையும் மரமும் துணியும் சொரசொரப்பானவை, அல்லது நுண்துளைகள் உடையவை. அடிப்பூச்சு அவற்றுள் இறங்கி இறுகிப் பற்றிக்கொள்ளும். இரும்பு துளையற்றதாயினும், அதன் மேற்பரப்பில் உள்ள ஆக்சைடு படலம் பூச்சை ஈர்த்துப் பிடிக்கும். ஆகவே "சுத்தம் செய், சொரசொரப்பாக்கு, பூசு" என்பது தலைமுறைகள் கடந்த தொழில்விதியாயிற்று.

இவ்விதியை உடைத்த பொருள்களுள் முதன்மையானது பாலிபுரொப்பிலீன். படிக வடிவிலான பாலிபுரொப்பிலீனை 1951-இல் அமெரிக்காவில் ஹோகனும் பேங்க்ஸும் பெற்றனர். 1954-இல் மிலானில் நாட்டா தம் வினையூக்கி ஆய்வுகளின் வழியே அடைந்தார். 1963-இல் சீக்லருக்கும் நாட்டாவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கரிமமும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட இந்நெடுஞ்சங்கிலி, வண்ணத்தின் மூலக்கூறுகள் பற்றுவதற்கு எந்த முனைவுத்தன்மையையும் தருவதில்லை.

திரவத்துளி ஒரு திண்மத்தின்மீது பரவுமா, குவிந்து நிற்குமா என்பதைச் சேர்கோணத்தால் விளக்கியவர் தாமஸ் யங் (1805). அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் சிஸ்மனும் அவர் குழுவினரும் 1950 முதல் அதனை அளவீடாக வளர்த்தனர். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 73 மில்லிநியூட்டன். பாலிபுரொப்பிலீனின் பரப்பு ஆற்றலோ 30 அளவில்தான். ஏ.பி.எஸ். நெகிழிக்கு அது 40-ஐ ஒட்டி வரும். உப்புத்தாள் இந்த எண்ணை உயர்த்தாது. திரவம் நனைக்க மறுக்கும் பரப்பில் கீறல்கள் போட்டால், கீறலுக்குள் காற்றே சிறைப்படும். பெயிண்டரின் கைகள் தவறு செய்யவில்லை. அவை கற்ற விதி இப்பொருளுக்கு உரியதன்று.

1968-இல் அமெரிக்காவின் பான்டியாக் ஜி.டி.ஓ., உடல் நிறத்திலேயே நெகிழ்பொருள் முன்பம்பரைக் கொண்டுவந்தது. 1972-இல் ரெனோ 5 நெகிழி பம்பருடன் வெளிவந்தது. பின்னர் பாலிபுரொப்பிலீன் கலவைகள் பம்பர்களில் பரவலாயின. தொழிற்சாலைகள் சுடர் காட்டியோ மின்னிறக்கம் செலுத்தியோ பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்து வண்ணத்துக்கு இணங்க வைக்கின்றன. தெருப்பட்டறைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு மாற்றாகப் புட்டியில் வந்ததே குளோரினேற்றம் பெற்ற பாலியோலிஃபின் கரைசல், அதாவது பட்டறை மொழியில் 'பிளாஸ்டிக் பிரைமர்'. சைலீன், டொலுயீன் போன்ற கரைப்பான் நெகிழியின் மேற்பரப்பைச் சற்றே உப்பச்செய்யும். அவ்வழியே நுழையும் சங்கிலிகள் நெகிழியோடு பின்னிக்கொள்ள, குளோரின் உள்ள பகுதி மேற்பூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

இதிலிருந்து தேர்வுமுறையும் தெளிவாகும். பம்பரின் உட்புறத்தில் பொறித்த குறியீட்டை முதலில் படிக்க வேண்டும். பொம்மை விமானங்களுக்குரிய பாலிஸ்டைரீனுக்கும் ஏ.பி.எஸ்.-க்கும் வழக்கமான அடிப்பூச்சே பெரும்பாலும் போதும். பாலிபுரொப்பிலீனுக்கு மேற்சொன்ன பிரைமர் தேவை. வார்ப்பச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய பொருளின் எச்சத்தைச் சோப்புநீராலும் பின்னர் ஆல்கஹாலாலும் நீக்கிய பிறகே தேய்க்க வேண்டும். முறை மாறினால் எண்ணெய்ப்பசை கீறல்களுக்குள் புதைந்துவிடும். ஏர்பிரஷில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து தூசியாக விழக்கூடும். உலர்ந்து விழும் பிரைமர் நெகிழியை உப்பச்செய்யாது. எனவே துளிகள் ஈரமாகச் சேரும் தொலைவில், மெல்லிய ஒரே படலமாக அடிப்பது நன்று. கனமான பூச்சு வலிமை தருவதில்லை. தனக்குள்ளேயே பிளவுபட்டு, மேற்பூச்சையும் தன்னோடு கொண்டுபோகும். டப்பாவில் குறித்த கால எல்லைக்குள் மேற்பூச்சு இடவேண்டும். ஒரு துண்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள் கீறி, ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துப் பார்ப்பது எளிய சோதனை, ஐ.எஸ்.ஓ. 2409 தரநிலையின் அடிப்படையும் அதுவே.

இந்தியாவில் நெகிழிக் கல்விக்கென 1968-இல் சென்னை கிண்டியில் சிப்பெட் தோன்றியது. 1969-இல் இந்தியன் பெட்ரோகெமிக்கல்ஸ் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டு, வடோதராவில் அதன் வளாகம் எழுந்தது. நெகிழியின் உற்பத்தி வரலாற்றுக்கு ஆவணங்கள் உண்டு. உலோகத்தில் கைபழகிய பெயிண்டர் நெகிழிக்கு எவ்வாறு மாறினார் என்பதற்கு ஆவணம் எங்கே? நான் பார்த்த டப்பாக்களில் பயன்பாட்டுக் குறிப்பும் ஆவி குறித்த எச்சரிக்கையும் ஆங்கிலத்திலேயே இருந்தன. பட்டறையில் எல்லோரும் முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தனர். கைக்குட்டை கரைப்பான் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரிவடிப்பான் பொருத்திய முகமூடி வேண்டும். அறிவு கைக்கு வந்துசேராத இடைவெளியின் விலையைக் கூலியாகவும் மூச்சாகவும் செலுத்தியவர் அவர்.

தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களோடு முடிந்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். வாய்மொழி வரலாற்றில் ஈடுபடும் மாணவர்கள் தம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு கேள்வியை எழுப்பலாம்: "பிளாஸ்டிக்கில் முதன்முதலில் வண்ணம் உரிந்தபோது என்ன செய்தீர்கள்?" அதற்கு விடை சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.