பெயர் சூட்டும் பீடம்

“உலகம் முழுமைக்கும் ஒரே விதி!” கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால், அந்த விதியை வகுத்தவர் யார், எவருடைய எழுத்தில் வகுத்தார், எவரை வாயிலிலேயே நிறுத்தினார் என்று கேட்பதன்றோ பகுத்தறிவு! இணைய முகவரிகளுக்குரிய டொமைன் பெயர்களின் வரலாறு, அக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது.

கணினிகள் ஒன்றையொன்று அறிவது எண்களால். எண்களை மாந்தர் நினைவிற்கொள்வது அரிதாகையால், 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கர் பெயர்முறையை வகுத்தளித்தார். எம்மூலையிலிருந்து அழைத்தாலும் ஒரு பெயர் ஒரே இடத்துக்குச் செல்லவேண்டும். அதற்காகத் தலைமைப் பட்டியல் ஒன்று. அதன் பொறுப்பில் இருந்தவர், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் போஸ்டல்.

தம் அதிகாரத்துக்கு எல்லை உண்டென அவர் உணர்ந்திருந்தார். நாட்டுப் பெயரை நடத்துவோர் உடைமையாளர் அல்லர், அறங்காவலர். தம் நாட்டாருக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் கடமைப்பட்டவர் என்று 1994-இல் அவர் வெளியிட்ட ஆவணம் கூறிற்று. எது நாடு, எது நாடன்று எனத் தீர்ப்பளிப்பது தம் வேலையன்று என்றும் கூறிற்று.

1998-இல் ‘ஐகான்’ என்ற நிறுவனம் கலிபோர்னியாவில் அமைந்தது. பேச்சு உலகின் பெயரால். ஒப்பந்தமோ அமெரிக்க வணிகத்துறையுடன்! ஒரு நாட்டின் டொமைன் குறித்த முடிவில் பிற நாடு தலையிடலாகாது என்று 2005-இல் துனிஸ் மாநாடு உரைத்தது. எனினும், அமெரிக்க ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது 2016 அக்டோபர் 1 அன்றுதான்.

அதனினும் ஆழமான ஆதிக்கம், எழுத்தில் இருந்தது. ஆங்கில எழுத்து 26, எண் 10, சிறுகோடு ஒன்று. இந்த 37 குறிகளே உலகப் பொது என்றாயிற்று. பொதுவா அது? ஒரு மொழியாரின் வழக்கம், உலகச் சட்டமென முடிசூட்டிக்கொண்டது! எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் பெயர்கள் அரபு எழுத்தில் ஏறியது 2010 மே திங்களில். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்பன தமிழெழுத்தில் ஏறியது 2010, 2011 ஆண்டுகளில். கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு!

“அப்படியானால் நாட்டுக்கொரு தனிப்பட்டியல் வைத்துக்கொள்வோம்” என்போர் உளர். அது விடுதலையாகாது. ஒரே பெயர் இங்கொரு வீட்டுக்கும் அங்கொரு வீட்டுக்கும் வழிகாட்டினால், முகவரிக்குப் பொருளேது? பட்டியல் முழுவதும் ஆட்சியாளர் கைக்குள் அடங்கினால், தமக்கொவ்வாத ஏட்டின் பெயரை ஓரிரவில் நீக்க அவருக்குத் தடையேது?

எனவே, எது பொது, எது உள்ளூர் எனப் பிரித்தறிதல் வேண்டும். ‘ஔ’ என்பதை ஓரெழுத்தாகவும் எழுதலாம். ‘ஒ’, ‘ள’ என ஈரெழுத்தாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும், கணினிக்கோ வெவ்வேறு. இதைக்கொண்டு போலி முகவரி படைத்து மக்களை ஏய்க்கலாம். தமிழ் அறியாதார் இந்த ஆபத்தை எங்ஙனம் அறிவர்? அதனாலன்றோ, தமிழ் உள்ளிட்ட ஒன்பது தெற்காசிய எழுத்துகளுக்கு விதி வகுக்க, அவ்வெழுத்துகளை அறிந்தோரின் குழு தேவைப்பட்டது!

ஒரு பெயர் ஒரே இடத்துக்குச் செல்வது, உலகின் பொறுப்பு. எழுத்தும் கட்டணமும் உள்நாட்டு விதிகளும், அந்தந்த மக்களின் பொறுப்பு. மக்கள் என்கிறோம், அமைச்சகம் என்று மட்டும் பொருள் கொள்ளவேண்டாம். ஐகான் தன் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கிறது, எவரும் எழுதலாம். நம் இளைஞர் அவற்றைப் படிக்கட்டும், கேள்வி எழுப்பட்டும். நாம் பேசாதிருக்கும் இடத்தில், நமக்காகப் பிறர் பேசி முடித்துவிடுவர்.