ஒன்பதாவது அவென்யூவின் மிதிவண்டித் தடம்

அமெரிக்காவில் மிதிவண்டிக்கென்றே போடப்பட்ட முதல் பாதை 1894இல் திறக்கப்பட்டது. அப்போது தனி நகரமாக இருந்த புரூக்ளினில், பிராஸ்பெக்ட் பூங்காவிலிருந்து கோனி ஐலண்ட் கடற்கரையை நோக்கி, ஓஷன் பார்க்வே என்ற மரநிழல் சாலையோடு அது சென்றது. கூட்டம் தாங்காமல், திரும்பி வருவோருக்கென 1896இல் சாலையின் மறுபுறம் இன்னொரு பாதை போட்டார்கள். பிறகு கார்கள் பெருகின; மிதிவண்டி சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கியது.

1980 ஏப்ரலில் நியூயார்க்கின் சுரங்க ரயில், பேருந்து ஊழியர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏராளமானோர் மிதிவண்டியிலேயே வேலைக்குப் போனார்கள். மேயர் எட் கோச்சும் அதற்குச் சற்று முன்புதான் சீனா சென்று, அங்கே தெருக்களை நிறைத்த மிதிவண்டிகளைப் பார்த்து வியந்திருந்தார். அந்த இலையுதிர் காலத்தில் மன்ஹாட்டனின் ஆறாவது அவென்யூ உள்ளிட்ட பெருஞ்சாலைகளில் தாழ்வான தடுப்புகளோடு தனித்தடங்கள் அமைந்தன. சாலை குறுகிவிட்டதென டாக்சி ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் முறையிட்டார்கள். நடந்து செல்வோர் தடத்துக்குள் இறங்கினார்கள். சில வாரங்களில் மேயரே தடுப்புகளை அகற்றச் செய்தார். புதுப் பழக்கம் ஒன்று வேர்விட, ஒரு கோடைக்காலம்கூட அந்தத் தடங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய இழப்பு அதுதான்.

1987இல் நகரம் எதிர்த்திசையில் நடந்தது. மையப்பகுதியின் ஐந்தாவது, பார்க், மேடிசன் அவென்யூக்களில் வேலை நாட்களின் பகல் நேரத்தில் மிதிவண்டியைத் தடைசெய்யப் போவதாக கோச் அறிவித்தார். மிதிவண்டியில் கடிதங்களும் பொட்டலங்களும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழிலாளர்கள் திரளாக ஊர்வலம் வந்தார்கள். முறைப்படி அறிவிக்கை வெளியிடவில்லை என்பதால் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2007இல், போக்குவரத்து ஆணையராகப் பொறுப்பேற்ற ஜனெட் சாதிக்-கான் கோபன்ஹேகன் சென்று, டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேலின் துணையோடு அந்த நகரத் தெருக்களைப் பார்த்தார். அங்கே நடைபாதைக்கு அடுத்து மிதிவண்டித் தடம். அதற்கும் வெளியேதான் நிறுத்தப்பட்ட கார்கள். அதே ஏற்பாடு அந்த ஆண்டே மன்ஹாட்டனின் ஒன்பதாவது அவென்யூவில் 23ஆம் தெருவுக்கும் 16ஆம் தெருவுக்கும் இடையே வந்தது.

வடிவமைப்பின் நுட்பம் அந்த வரிசை மாற்றத்தில் இருக்கிறது. வழக்கமாக நடைபாதையை ஒட்டி நிற்கும் கார்களைச் சாலையின் நடுப்பக்கமாகத் தள்ளி, அவை விட்ட இடத்தில் 10 அடி அகலத் தடம் போட்டார்கள். கார் கதவு திறந்தால் வண்டியில் மோதாதிருக்க நடுவே ஒரு இடைவெளி. ஓடும் வாகனங்களுக்கும் மிதிவண்டிக்கும் நடுவே நிற்கும் கார்களே அரணாயின. வாகனங்களுக்கு இருந்த நான்கு தடங்கள் மூன்றாகின. முச்சந்திகளிலும் நாற்சந்திகளிலும் செடிகளும் மரங்களும் வைத்த தீவுத்திட்டுகள் வந்தன. முதியவர்களும் குழந்தைகளும் ஒரே மூச்சில் கடக்க வேண்டிய தூரம் குறைந்தது. மிதிவண்டிக்குத் தனி சிக்னலும், திரும்பும் கார்களுக்குத் தனி நேரமும் ஒதுக்கப்பட்டன. சந்திப்புகளில்தான் விபத்துகள் மிகுதி என்பதால், தடுப்பைவிட இந்த சிக்னல் ஏற்பாட்டையே முக்கியமானதாகக் கருத வேண்டும்.

போக்குவரத்துத் துறை 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒன்பதாவது அவென்யூவில் எல்லாத் தரப்பினருக்கும் நேர்ந்த காயங்கள் 58 சதவீதம் குறைந்திருந்தன. தடம் பிறகு நீட்டப்பட்ட 23 முதல் 31 வரையிலான தெருக்களுக்கு இடையே, உள்ளூர்க் கடைகளின் விற்பனை 49 சதவீதம் வரை கூடியிருந்தது. மன்ஹாட்டன் முழுவதிலும் அந்த உயர்வு 3 சதவீதம்தான். 1980இல் கடைக்காரர்கள் அஞ்சியதற்கு நேர் எதிரான விளைவு இது.

எதிர்ப்பு ஓய்ந்துவிடவில்லை. புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் சாலையில் 2010இல் அமைந்த தடத்தை அகற்றக் கோரி, மறு ஆண்டே அப்பகுதியினர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2021 செப்டம்பரில் புரூக்ளின் பாலத்தில் கார்களுக்கான ஒரு தடம் தடுப்பிட்டு மிதிவண்டிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதுவரை மிதிவண்டி ஓட்டுவோர் மேல்தளத்து மரப்பாதையில் நடப்பவர்களோடு நெருக்கியடித்துச் சென்றுகொண்டிருந்தார்கள்.