தேசவழமையும் கணவனின் சம்மதமும்

ஒரு சட்டம் பழையது என்பதனாலேயே நிலைக்கின்றதா, அன்றி அது நிலைத்தல் வேண்டுமென எவரேனும் விரும்புவதனால் நிலைக்கின்றதா? யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வினா எழாமற் போகாது.

இன்று நாம் அறியும் தேசவழமைத் தொகுப்பு, ஒல்லாந்த ஆள்பதி சிமொன்ஸின் பணிப்பின்பேரில் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் நிறைவுசெய்ததாகும். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் ஒப்புதலுக்கு விடப்பட்டது. ஒப்பியோர் யாவரும் ஆடவர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் பிரித்தானியர் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

தேசவழமை மாறாத மரபு என்பார் பலர். தொகுப்பே அக்கூற்றை மறுக்கின்றது. ஆதியில் முதுசம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்ததென்றும், போர்த்துக்கேயர் காலத்தில் வழக்கங்கள் மாறினவென்றும் அது குறிப்பிடுகின்றது. எசமானரையும் அடிமைகளையும் பற்றிய பகுதியொன்றும் அதிலுண்டு. 1844 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அப்பகுதி உயிரிழந்தது. அதனால் நம் மரபு அழிந்ததென்று இன்று புலம்புவார் எவருமிலர்! மணவுரிமை, மரபுரிமை பற்றிய விதிகளும் 1911 இலும் 1947 இலும் திருத்தப்பட்டன.

எனினும் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் ஒரு விதி இன்றும் தொடர்கின்றது. மணமான பெண் தன் சொந்தக் காணியைத் தன் வாழ்நாளில் விற்கவோ நன்கொடையளிக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவனுக்கோ தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டுவதில்லை. 1923 இல் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் பிற பெண்களை இத்தகைய தளையினின்று விடுவித்தபோது, தேசவழமைக்குட்பட்டோர் அதற்குப் புறம்பாக்கப்பட்டனர். பெண்ணுக்குச் சீதனம் எழுதிக்கொடுக்கும் சமூகமென்று நாம் பெருமை பேசுகின்றோம். உறுதியில் அவள் பெயர். நொத்தாரிசு முன்னிலையில் அவன் கையொப்பம்.

அடிப்படை உரிமைகளை வகுத்த 1978 ஆம் ஆண்டு யாப்பும் இதனைத் தீண்டவில்லை. முன்பிருந்த சட்டங்கள் அவ்வுரிமைகளோடு முரண்படினும் செல்லுபடியாகுமென அதன் 16 ஆம் உறுப்புரை கூறுகின்றது.

2009 இல் போர் முடிந்தபின் இவ்விதியின் சுமை புதிய வடிவில் வெளிப்பட்டது. கணவன் காணாமற்போன பெண்ணொருத்தி, மகளின் கலியாணத்துக்காகத் தன் சீதனக் காணியில் ஒரு பகுதியை எழுதிக்கொடுக்க முனைகின்றாள் எனக் கொள்வோம். கணவன் இறந்தானென்று பத்திரம் பெற அவள் மனம் ஒப்பாது. இருக்கின்றானெனின் அவன் கையொப்பத்துக்கு எங்கே போவாள்? கணவனின் இருப்பிடம் அறியாதவிடத்து மாவட்ட நீதிமன்றிடம் அனுமதி கோரலாமென்று கட்டளைச் சட்டம் இடமளிக்கின்றது. தன் தாய் தனக்குத் தந்த காணிக்காக, சட்டத்தரணிக்குப் பணம் கட்டி, அவள் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கின்றது.