காவிரி வளர்த்த மூன்று அரங்கங்கள்

நாற்புறமும் நீர் சூழ நடுவே நிற்கும் நிலம் தீவு எனப்படும். ஆற்றின் நடுவே அமைந்த தீவை அரங்கம் என்றும், துருத்தி என்றும், ஆற்றிடைக்குறை என்றும் நம் முன்னோர் வழங்கினர். இறைவன் உவந்து எழுந்தருளிய தலங்களுள் இத்தகையன பல. திருப்பூந்துருத்தி என்னும் பெயரே இதற்குச் சான்றாகும். அவற்றுள்ளும், காவிரியின் நடுவே அரங்கநாதன் பள்ளிகொண்ட மூன்று தலங்களை ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என அடியார் போற்றுவர். அவை முறையே ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், திருவரங்கம் என்பன.

மூன்றும் ஓர் ஆற்றின் மடியில் வளர்ந்தனவாயினும் பிறப்பால் ஒன்றல்ல. முன்னிரண்டும் கன்னட நாட்டுப் பாறைநிலத்தில் அமைந்தவை. கரைக்கவியலாத கடும்பாறை எதிர்ப்படின், ஆறு இளகிய இடம் தேடி இருபுறமும் பிரிந்து ஓடும். இடையில் எஞ்சிய பாறையே தீவாகும். சிவசமுத்திரத்தில் அங்ஙனம் பிரிந்த காவிரி ககனச்சுக்கி, பரச்சுக்கி என்னும் இரு அருவிகளாக வீழ்கிறது. கிருஷ்ணகிரிக்கு அண்டையிலுள்ள கோலார் தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் அளித்தது அவ்வீழ்ச்சியே.

அதன்பின் காவிரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிக் காடுகளின் ஓரமாகப் பிலிகுண்டுலுவை அடைந்து, ஒகேனக்கல் வழியே சமவெளிக்கு இறங்குகிறது. சமவெளியில் வேகம் தணிந்த ஆறு தான் சுமந்து வந்த மணலையும் வண்டலையும் இறக்கி வைக்கும். அது திட்டாகி, திட்டில் நாணல் வேரூன்றி, ஆண்டுதோறும் வெள்ளம் விட்டுச் சென்ற வண்டலால் உயர்ந்து நிலமாகும். முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கம் இவ்வாறு வண்டலால் வளர்ந்த தீவாகும்.

நீர் தந்த நிலத்தை நீரே மாற்றவும் வல்லது. கடலிடைத் தலமாகிய இராமேசுவரம் பவளப் பாறையாலும் மணலாலும் ஆனது. அதன் கோடியிலிருந்த தனுஷ்கோடி 1964 டிசம்பரில் ஒரே இரவில் அழிந்தது. திருவரங்கத்துக்கு நேரவிருந்த இடர் வேறு வகையது. கொள்ளிடத்தின் தளம் தாழ்ந்தமையால் வெள்ளம் அப்பக்கமே சாய்ந்தது. தென்பால் ஓடும் காவிரி மணல்மேடிட்டு வந்தது. அக்கிளை முற்றும் வற்றியிருப்பின் அரங்கம் தீவாக நின்றிராது. தஞ்சைக் கழனிகளும் வாடியிருக்கும். 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைத் தொடங்கி, காவிரிக்கு நீரைத் திருப்பினார். தீவின் கீழ்க்கோடியில், காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்துபோகாவண்ணம் கரிகாலன் பெயரால் விளங்கும் கல்லணை முன்னரே காத்து நின்றது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அதன்பின் புதிய கதவணை எழுப்பப்பெற்றது.

ஆதலின், பாறை அரங்கத்தை இயற்கையே காக்கும். வண்டல் அரங்கத்தை மனிதரும் சேர்ந்து காத்தல் வேண்டும். தமிழகத்துக்கு வரும் காவிரி நீர் அளக்கப்பெறுவது இம்மாவட்டத்து எல்லையாகிய பிலிகுண்டுலுவில்தான். இரு அரங்கங்களைத் தழுவிய நீர் மூன்றாம் அரங்கம் நோக்கிச் செல்லும் வாயில் அதுவே. கோபுரத்துக்குக் கல் அளிப்பது அறம். ஆற்றின் மணலையும் நீரையும் பேணுவதும் அதனோடொத்த அறமே. குடமுழுக்கின் கலசத்தில் நிறைவது அந்நீரன்றோ!