மாண்டிசோரி அம்மையாரும் மல்லிகைப் பூவும்



ஆண்டு 1 அறிவியலில் ஐம்புலன்களைக் கற்பிக்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் தாராளமாக நேரம் ஒதுக்குகிறோம். மூக்கின் முறை வந்தால், "மூக்கு முகர உதவும்" என்று எழுதச் சொல்லி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தேன். இக்குறைக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு.

1907 ஜனவரி 6-ஆம் நாள், ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்கென 'குழந்தைகள் இல்லம்' தொடங்கப்பட்டது. அதை நடத்திய மரியா மாண்டிசோரி, புலன்வழிக் கல்வியையே தம் முறையின் அடித்தளமாகக் கொண்டார். நிறங்களைப் பிரித்தறிய வண்ணப் பலகைகள், ஒலியைப் பிரித்தறிய ஓசைப் பெட்டிகள் எனப் பல கருவிகளை வகுத்தார். ஆயினும் 1912-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலில், முகர்தலைக் கற்பிப்பதில் தமக்கு இன்னும் நிறைவான பலன் கிட்டவில்லை என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்.

அவர் செய்து பார்த்த சோதனை எளியது. வயலட் மலரையும் மல்லிகையையும் குழந்தை முதலில் முகரும். பிறகு அதன் கண்ணைக் கட்டிவிடுவர். இன்னொரு குழந்தை பூவை மூக்கருகே நீட்ட, அது பூவின் பெயரைச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் முகர்புலன் அவ்வளவாக வளர்ச்சியடையவில்லை என்பதே அவர் கண்ட முடிவு.

அம்முடிவைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. பிறந்து சில நாள்களே ஆன குழந்தை தன் தாயின் பால் மணத்தை அறிந்து அப்பக்கம் முகம் திருப்புவதை 1975-இல் எய்டன் மெக்ஃபர்லேன் எடுத்துக்காட்டினார். அப்படியானால் குறை மூக்கில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

அதற்கான விடை நம் நாட்டுக் காட்டிலேயே கிடைத்தது. தீபகற்ப மலேசியாவின் வடபகுதியில் வாழும் ஜஹாய் என்னும் பழங்குடியினரைப் பற்றி அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹுல்ட் இருவரும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஜஹாய் மொழியில் வாசனைகளுக்கென்றே ஏறக்குறைய 12 சொற்கள் உள்ளன. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றின் நெடிக்கும் ஒரே சொல். புலியை ஈர்க்கும் இரத்த வாடைக்குத் தனிச்சொல். ஆங்கிலம் பேசுவோர் தடுமாறிய வாசனைகளை அவர்கள் ஒரே சொல்லில் கூறினர். பெரும்பாலும் ஒத்த சொல்லையே கூறினர்.

சென்ற ஆண்டு என் வகுப்பிலும் கண்ணைக் கட்டி முகரச் செய்தேன். ஒரு மாணவன் கருவாட்டைச் சட்டென்று கண்டுகொண்டான். "எப்படிப்பட்ட வாடை?" என்றேன். சற்று விழித்துவிட்டு, "பூசோக், டீச்சர்" என்றான். மூக்கு அறிந்திருந்தது, நாவில் தமிழ்ச் சொல் இல்லை.

நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? மீனுக்குக் கவிச்சி, மிளகாய் வறுத்தால் நெடி, பழைய எண்ணெய்க்குச் சிக்கு, கெட்ட இறைச்சிக்கு முடை, பூவுக்கு மணம். திருக்குறள் ஐம்புலன்களுள் ஒன்றாகச் சொல்லும் 'நாற்றம்' கூட அன்று மணத்தையும் குறித்தது; இன்று துர்நாற்றம் மட்டுமே ஆகிவிட்டது.

இச்சொற்கள் பாடநூலைவிடப் பாட்டியின் சமையலறையில்தான் மிகுதியாக வாழ்கின்றன. பெற்றோர்களே, இன்றிரவு அடுப்படியில் பிள்ளையை அருகழைத்து முகரச் சொல்லுங்கள். அந்த வாசனையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பாட்டி ஓய்ந்தபின் இச்சொற்களை நாம் எங்குப் போய்த் தேடுவது?